இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் புத்தக வெளியீடு காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தது. லோகேஸ்வரி ஒன்பதரைக்கே போய் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடித்து, நல்ல நாளில் மட்டும் கட்டும் மயில்கழுத்து நிறப் புடவையில் வந்திருந்தாள். மேடையில் உட்காரப்போவது இந்துஜா. இருபது வருஷத் தோழி. இந்துஜாவின் முதல் நாவல் வெளிவரும் நாளில் முன் வரிசை தன்னுடையதுதான் என்று லோகாவுக்குச் சந்தேகமே இல்லை.

கோலாலம்பூரில் நம்மோடு கலந்து வாழும் மந்திரவாதிகளைப் பற்றிய நாவல் என்று பேச்சாளர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மோனோரெயிலில் போகிறவர்கள், ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர்கள், சாயங்காலம் ஜாமில் மாட்டிக்கொள்கிறவர்கள், ஆனால் மந்திரம் தெரிந்தவர்கள். தமிழில் இப்படி ஒரு கற்பனை புதுசு என்றார் ஒருவர். லோகாவுக்கு அது புதுசாகப் படவில்லை. ஆனாலும் கைதட்டினாள். இந்துஜாவை அவள் நம்பினாள்.

கையெழுத்து வாங்கப் போனபோது இந்துஜா பேனாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிதானமா படி லோகா. முழுசா படிச்சு முடிச்சிட்டு கூப்பிடு. பாதியில கூப்பிடாத."

"ஏன், பாதியில என்ன இருக்கு?"

"சும்மா சொன்னேன்லா," என்றாள் இந்துஜா. அடுத்து நின்றவரின் புத்தகத்துக்குக் கையை நீட்டிவிட்டாள்.

லோகேஸ்வரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பந்திங் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் ஜெயராஜைக் கட்டிக்கொண்டு கிள்ளானை ஒட்டிய பண்டமாரானுக்கு வந்தாள். ஜெயராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். அதே பக்கத்தில் ஒரு கண்டெய்னர் டெப்போவில் இவளுக்கும் வேலை கிடைத்தது. லோரி டிரைவர்கள் நீட்டுகிற தாள்களைச் சரிபார்த்து முத்திரை குத்தி கேட்டைத் திறந்துவிடுகிற வேலை. இன்றைக்கும் அந்தக் கவுண்டரில்தான் இருக்கிறாள். டிரைவர்கள் அவளை "லோகாக்கா" என்பார்கள். அதிகம் பேசமாட்டாள், யாரையும் அநாவசியமாகக் காக்கவைக்கவும் மாட்டாள்.

அவளுக்கு ஒரு காரியம் வரும். கீழே விழுகிற ஒரு பொருளை, ஓடி வருகிற ஒரு வண்டியை, பொங்கி வருகிற பாலை அவள் மனசால் பிடித்து நிறுத்தலாம். ஏழு மூச்சு வரைக்கும் தாங்கும். பிறகு விட்டுவிட வேண்டும். பிடித்த அன்றைக்கு முழுக்க வலது கை மரத்துக் கிடக்கும். சின்ன வயதிலேயே அவளுக்கு இது தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. மந்திரம் என்று நினைத்ததும் இல்லை. சிலருக்குப் பாட வருவது மாதிரி, தனக்கு இது வருகிறது என்று விட்டுவிட்டாள்.

2009-இல் டெப்போவில் ஒரு நாள் மதியம், தூக்கிய கண்டெய்னரின் சங்கிலி ஒரு பக்கம் அறுந்துவிட்டது. அடியில் யுகேந்திரன் என்கிற டிரைவர் லோரியின் பூட்டைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தான். கவுண்டர் கண்ணாடி வழியாகப் பார்த்த லோகா அதைப் பிடித்தாள். ஏழு மூச்சில் அவன் நிமிரவில்லை. ஆட்கள் கத்தி, அவன் புரிந்துகொண்டு வெளியே ஓடி வருவதற்குள் பதினோரு மூச்சு ஆகிவிட்டது. கண்டெய்னர் விழுந்து லோரியை நசுக்கியது. யுகேந்திரனுக்கு ஒரு கீறல் இல்லை. இன்னொரு சங்கிலி தாங்கியிருக்கிறது என்று பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொண்டு போனார். லோகாவின் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அன்றையோடு அந்தக் காது போயிற்று.

இந்துஜா அப்போது லோகாவின் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தாள். பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணக் குடும்பம், அப்பா கந்தையா அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். ஆசிரியர் வேலைக்கு இவளைக் கிள்ளான் பக்கம் போட்டிருந்தார்கள். நான்கு வருஷம் ஒரே சமையல். குழந்தை மலர்விழி "இந்து பெரிம்மா" மடியில்தான் எழுத்து படித்தாள். அன்று சாயங்காலம் காதில் பஞ்சோடு வந்து நின்றவளை உட்காரவைத்து, இந்துஜா என்ன நடந்தது என்று கேட்டாள். லோகா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னாள். இந்துஜா சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே லோகா அவளை ஆயுசுக்கும் நம்பினாள்.

அடுத்த வாரம் நாகையா தேடிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவர். அணைந்த விளக்கை, செத்துப்போன மின்சுற்றைத் தொட்டு எழுப்புவது அவருக்கு வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவரோடு சேர்த்து இப்படி எட்டுப் பேர் ஏற்கெனவே இருந்தார்கள். ஒருவர் எதையாவது செய்தால் மற்றவர்களுக்கு நெஞ்சில் விக்கல் போல ஒரு பிடிப்பு தெரியும். பதினோரு மூச்சு அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டதாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் கூடுவார்கள். செலாயாங் மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஆ ஹோக், பந்திங்கிலிருந்து வரும் மலாய்க்கார அக்கா காக் ரொஹானி, இன்னும் சிலர். மந்திரவாதி என்ற வார்த்தையே அங்கே கிடையாது. "பிடிமானம் உள்ளவங்க" என்பார் நாகையா. ஒரே ஒரு விதி. வெளியாள் யாருக்கும் சொல்லக்கூடாது, கட்டின புருஷன் பெண்டாட்டிக்கும் கூடாது.

இந்துஜாவிடம் சொல்லியாகிவிட்டது என்பதை லோகா மறைத்துவிட்டாள். அது அவள் செய்த தப்பு, அவளே ஒத்துக்கொள்வாள். மற்றபடி விதியைக் காப்பாற்றினாள். ஜெயராஜிடம் சொல்லவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. மாதம் ஒரு ஞாயிறு இவள் தனியாகப் பிரிக்பீல்ட்ஸ் போவது ஜெயராஜுக்கு முதலில் புரியவில்லை, பிறகு பிடிக்கவில்லை. கை நீட்டுகிற ஆள் இல்லை அவன். உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிற ஆள். 2014-இல் ஒரு சனிக்கிழமை காலை, "நாளைக்கு யாரைப் பாக்கப் போற, அதை மட்டும் சொல்லு, நான் ஒண்ணும் செய்யமாட்டேன்," என்று கேட்டான். அவள் வழக்கம் போல, "கோயிலுக்கு," என்றாள். அவன் ஏணியை எடுத்துக்கொண்டு, ஒழுகுகிற கூரையைப் பார்க்க ஏறினான்.

முதல் நாள் மழையில் தகரம் வழுக்கியது. ஏணி சரிந்தது. அவன் மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். சமையற்கட்டுச் சன்னல் வழியாக லோகா பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று. இப்போது பிடித்தால் இவன் பார்த்துவிடுவான். இத்தனை வருஷப் பொய்யும் தெரிந்துவிடும்.

ஒரு மூச்சு. அவ்வளவுதான் தயங்கினாள். குழாய் பெயர்ந்துவிட்டது. அவள் பிடித்தபோது ஆகாயத்தில் நின்றது பெயர்ந்த குழாய் மட்டும்தான். ஜெயராஜ் சிமெண்டுத் தரையில் கிடந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, நாகையா, ஞாயிற்றுக் கூட்டம் உட்பட எல்லாவற்றையும் இந்துஜாவிடம் சொன்னாள். வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. நாகையாவும் மற்றவர்களும் ஜெயராஜ் விழுந்த அன்று நெஞ்சில் ஒரு பிடிப்பை உணர்ந்திருப்பார்கள். ஆனால் யாரும் கேட்கவில்லை. இந்துஜா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இது என்னோட போகட்டும்," என்றாள்.

இப்போது வெளியீடு முடிந்து திரும்பும் ரயிலில் லோகா உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண் வந்தாள். துறைமுகத்தில் கவுண்டர் வேலை. பெயர் ராகேஸ்வரி. விழுகிறதை நிறுத்துவாள், ஏழு மூச்சு தாங்கும். கண்டெய்னர், பதினோரு மூச்சு, இடது காது எல்லாம் அப்படியே இருந்தது. சுபாங் ஜெயா தாண்டுகிற வரைக்கும் லோகா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். போகட்டும், யார் நம்பப் போகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் வருகிற இடங்களை மட்டும் தேடிப் புரட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் புருஷன் கூரையிலிருந்து தொங்கினான். அவன் குடிகாரன், பெண்டாட்டியை அடிக்கிறவன். ராகேஸ்வரி சன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். 'அவன் விழுவதை அவள் கடைசிவரை பார்த்தாள். அன்றுதான் அவள் சுதந்திரமானாள்' என்று முடிந்திருந்தது அந்தப் பக்கம்.

கிள்ளான் ஸ்டேஷன் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை. போர்ட் கிள்ளான் கடைசி ஸ்டேஷனில் ரயில்வே ஆள் வந்து, "கக்காக், சுடா சம்பாய்," அக்கா, வந்தாச்சு, என்று மலாயில் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

மந்திரத்தை யாரும் நம்பவில்லை. அதில் அவள் நினைத்தது சரி. ஆனால் பண்டமாரானில் ஒரு வீட்டில் கூரையிலிருந்து விழுந்து ஒருவன் செத்ததும், அந்த வீட்டில் எழுத்தாளர் குடியிருந்ததும் தெருவுக்கே தெரியும். இரண்டு வாரத்தில் நாவல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ஜெயராஜின் அக்கா வாணி ஒரு நாள் போன் செய்து, "என் தம்பி உன்னை அடிச்சானா? அவன் குடிச்சு நீ பாத்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் லோகா. "அப்புறம் ஏன் உன் கூட்டாளி அப்படி எழுதுறா? நீ சொல்லாம அவளுக்கு எப்படித் தோணும்?" வாணி போனை வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பிரிக்பீல்ட்ஸில் இந்துஜாவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். இந்துஜா கதவைத் திறந்து, கோப்பி போட உள்ளே திரும்பினாள்.

"கோப்பி வேணாம். உட்காரு," என்றாள் லோகா.

இந்துஜா உட்கார்ந்தாள்.

"ஜெயராஜ் என்னை அடிச்சாரா?"

"இது நாவல், லோகா. பேரை மாத்திட்டேன்."

"ராகேஸ்வரி. ஒரு எழுத்தை மாத்தியிருக்க. அடிச்சாரா?"

"இல்ல." இந்துஜா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு மூச்சு தயங்கினாள்னு எழுதினா வாசகனுக்குப் புரியாது. ஏன் தயங்கினாள்னு கேப்பான். ஒரு காரணம் வேணும். அதனாலதான் அவனை அப்படி எழுதினேன். உன் பக்கம் நியாயம் இருக்கணும்னுதான்."

"எனக்கு நியாயம் வேணும்னு நான் உங்கிட்ட கேட்டேனா? நான் ஒரு மூச்சு தயங்கினேன். அது என்னோடது. அதைச் சுமந்துகிட்டுதான் பத்து வருஷமா இருக்கேன். நீ அதை எடுத்துட்டு, நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்னு வெச்சிட்ட."

"பத்து வருஷம் நானும்தான் சுமந்தேன். உனக்குச் சொல்ல நான் இருந்தேன், எனக்கு யார் இருந்தா?" இந்துஜா எழுந்து நின்றாள். பிறகு, சொல்லியிருக்கக்கூடாத ஒன்றை அவசரத்தில் சொன்னாள். "நான் திருட்டுத்தனமா செய்யல. நாகையாகிட்ட கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துக் கேட்டுட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்."

தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று லோகா நினைத்தாள். வலது காதை அவள் பக்கம் திருப்பி, "யார்கிட்ட?" என்றாள்.

இந்துஜா மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னாள்.

நாகையாவின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். ஓய்வு பெற்ற பிறகு அவர் வாசலோரம் மேசை போட்டு ரைஸ் குக்கரும் மின்விசிறியும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். லோகா வருவதைப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்தார். அவள் கேட்பதற்கு முன்பே அவர் முகம் சொல்லிவிட்டது.

"உக்காரும்மா. உனக்கு விளக்கமா சொல்லிடறேன்."

செலாயாங்கில் போன வருஷம் ஒரு முட்டைக்கோஸ் அடுக்கு சரிந்தபோது ஆ ஹோக் அதைக் காற்றிலேயே திருப்பி அடுக்கிவிட்டார். ஒருவன் கைப்பேசியில் பிடித்துவிட்டான். வீடியோ பரவியது. எங்கே பார்த்தாலும் கேமரா, இனிமேல் ஒளிந்திருக்க முடியாது என்று எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் இந்துஜா வந்தாள். தனக்கு எல்லாம் தெரியும் என்றாள், யார் சொன்னது என்பதையும் சொன்னாள். இப்படி ஒரு நாவல் வந்தால், நாளைக்கு யாராவது எதையாவது பார்த்தாலும் கதை படித்துவிட்டு உளறுகிறான் என்றுதான் சொல்வார்கள் என்று நாகையாவுக்குத் தோன்றியது.

"அது பலிச்சிடுச்சு," என்றார். "இப்ப அந்த வீடியோவுக்குக் கீழ போய்ப் பாரு. நாவலுக்கு விளம்பரம்னு எழுதியிருக்கானுங்க."

"எல்லார் கதையும் அதுல இருக்கா அண்ணே? உங்க கதை எங்க? ஆ ஹோக் கதை?"

நாகையா மேசையில் கிடந்த மின்விசிறியின் இறக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் தேடினேன். யாரையும் அடையாளம் தெரியல. என்னை மட்டும் தெரியுது."

"அவங்கவங்க கதையை மாத்தச் சொல்லிட்டாங்க. இதைப் பேசின ஞாயிறு நீ வரல."

"அன்னைக்கு மலர்விழிக்குப் பரீட்சை. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." அவர் பொய் சொல்கிறவர் இல்லை. "அதனாலதான் அன்னைக்கு வெச்சோம். நீ இருந்தா ஒத்துக்கமாட்ட. விதியை மீறி வெளியாளுக்குச் சொன்னதே நீதானேன்னு எல்லாரும் கை தூக்கினாங்க. நானும் தூக்கினேன்."

கத்த வேண்டும் என்றுதான் லோகா வந்திருந்தாள். "அண்ணே, இந்த விதிக்காகத்தான் நான் என் புருஷனை விட்டேன்," என்றாள். "அவர் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தார். அவர் பாத்துடக்கூடாதுன்னு ஒரு மூச்சு நின்னேன். உங்க எட்டுப் பேருக்காக நின்னேன்."

நாகையாவின் கை திருப்புளியைத் தேடியது. எடுத்தது, மறுபடி வைத்தது. கூட்டம் எல்லாருக்கும் நல்லதைத்தானே பார்க்க வேண்டும் என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் கேட்டு முடிப்பதற்கு நிற்கவில்லை.

மகளிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று ரயிலிலேயே முடிவு செய்தாள். ஷா ஆலாமில் கல்லூரியில் படிக்கும் மலர்விழி சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் சாப்பாட்டு மேசையில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ தோழி கொடுத்திருக்கிறாள். லோகா பிந்திவிட்டாள்.

"அம்மா, இது நீங்களா?"

லோகா ஒரு பீங்கான் கோப்பையை எடுத்து மேசைக்கு மேலே உயர்த்தி, விட்டாள். கோப்பை பாதியில் நின்றது. மலர்விழி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஏழு மூச்சு. பிறகு லோகா அதைக் கையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். கண்டெய்னர், ஞாயிற்றுக்கிழமைகள், கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்ன பொய், சன்னல், ஏணி. எதையும் குறைக்கவில்லை. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. கோப்பையை நிறுத்தியது மற்ற எட்டுப் பேருக்கும் நெஞ்சில் தெரிந்திருக்கும். எடுத்துப் பார்த்தாள். 'யார் முன்னால?' என்று நாகையா கேட்டிருந்தார். 'என் மகள் முன்னால' என்று அனுப்பிவிட்டு அணைத்துவிட்டாள்.

மலர்விழி கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க வேற யாரையோ பாக்கப் போறீங்கன்னு நெனச்சுக்கிட்டே செத்துட்டாரா?"

லோகாவுக்கு இந்தக் கேள்விதான் பத்து வருஷமாக உள்ளே கிடந்தது. "ஆமா," என்றாள்.

மலர்விழி அழவில்லை. பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று செருப்பைப் போட்டபடி, "இந்து பெரிம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பத்து வருஷமா எங்க அப்பா எப்படிச் செத்தாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல," என்றாள். "அவங்க உங்களுக்குச் செஞ்சதை நீங்க எனக்குச் செஞ்சிருக்கீங்கம்மா."

ஐந்து வாரம் அவள் வரவில்லை. லோகா கவுண்டரில் முத்திரை குத்தினாள், சமைத்தாள், பாதியை எறிந்தாள். இந்துஜா மேலும் நாகையா மேலும் இருந்த கோபத்தை விட, மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் அவளைத் தின்றது. அது சரி என்பதால்.

ஆறாவது வாரம் மலர்விழி துவைக்கிற துணிகளோடு வந்தாள். இடையில் அத்தை வாணி வீட்டுக்குப் போய், அப்பா குடித்ததில்லை, அம்மாவை அடித்ததில்லை, அது எழுத்தாளர் இட்டுக்கட்டியது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் இந்துஜா வீட்டுக்கும் போயிருக்கிறாள். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"அந்தப் பக்கம்தான் புத்தகத்தோட உயிராம். எல்லாரும் அதைத்தான் பாராட்டுறாங்களாம்." மலர்விழி வாஷிங் மெஷினில் துணிகளைத் திணித்தாள். "அந்த ஒரு மூச்சை நான் மறக்கமாட்டேம்மா. ஆனா அதுக்காக உங்களை விட்டுட்டும் போகமாட்டேன். எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"எத்தனை நாள் வேணும்னாலும் ஆகட்டும்," என்றாள் லோகா.

இரண்டாம் பதிப்பு வந்தது, பக்கம் அப்படியே இருந்தது. முதல் தாளில் புதிதாக ஒரு வரி. 'தன் வாழ்க்கையை எனக்குத் தந்த தோழிக்கு.' தந்த என்ற சொல்லை லோகா மூன்று முறை படித்தாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு முற்பகலில் இந்துஜாவே வந்து நின்றாள். கேட்டுக்கு வெளியே, குடையை மடக்காமல். பழைய பழக்கத்தில் கை தாழ்ப்பாளுக்குப் போய், பூட்டியிருப்பதைப் பார்த்து நின்றது.

"லோகா, கேட்டைத் திற. பேசணும்."

"அங்கிருந்தே பேசு. கேக்குது."

"நான் செஞ்சது தப்புதான். ஆனா எழுதாம இருக்க முடியல. உன் வாழ்க்கையில நடந்த மாதிரி என் வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கல. அது உனக்குப் புரியாது."

முதல் தடவையாக அவள் உண்மையைச் சொல்கிறாள் என்று லோகாவுக்குப் பட்டது. பரிதாபமாகக்கூட இருந்தது. நான்கு வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டவள், காதில் பஞ்சை மாற்றிவிட்டவள். பூட்டுச் சாவி இடுப்பில்தான் இருந்தது.

"புரியுது," என்றாள். "ஆனா திறந்தா நீ உள்ள வந்து உக்காருவ. நான் அழுவேன். அதையும் நீ பாத்து வெச்சுக்குவ."

இந்துஜா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். சந்துமுனையில் காத்திருந்த கிராப் வாடகைக் கார் ஒருமுறை ஹாரன் அடித்தது. அவள் திரும்பி நடந்தாள். கார் வளைவு தாண்டுகிற வரைக்கும் லோகா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்புறம் அங்கேயே நின்று அழுதாள். சமையற்கட்டிலிருந்து மலர்விழி குக்கர் எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று கேட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணு," என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.